எழுதக் கற்றுக்கொண்ட பிளானரி ஓ'கானர்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்கிழக்குப் பகுதியில் ஜார்ஜியா என்றொரு மாநிலம் உண்டு. பருத்தி விளையும் செம்மண் பூமி அது. அங்கே கத்தோலிக்கர் மிகச் சிறுபான்மையினர். சுற்றிலும் இருப்போர் பெரும்பாலும் பிற சபைகளைச் சேர்ந்த கிறிஸ்தவர்கள். அம்மாநிலத்தின் துறைமுகப் பட்டணமாகிய சவானாவில், 1925ஆம் ஆண்டு மார்ச்சு 25ஆம் நாள், கபிரியேல் தூதர் கன்னிமரியாளுக்கு மங்களவார்த்தை சொன்ன திருநாளன்று, அயர்லாந்து வழிவந்த கத்தோலிக்கக் குடும்பமொன்றில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. தந்தை எட்வர்டு ஓ'கானர், தாய் ரெஜினா. குழந்தைக்கு மேரி பிளானரி என்று பெயரிட்டனர். அவளுக்குப் பின் அவ்வீட்டில் வேறு குழந்தை பிறக்கவில்லை. அவர்கள் குடியிருந்த சதுக்கத்திலேயே ஸ்நாபக அருளப்பர் பேராலயமும் இருந்தது. ஆலயமணி கேட்டு எழுந்து, ஆலயமணி கேட்டு உறங்கிய குழந்தை என்று சொன்னால் அது மிகையாகாது.

பிளானரி ஓ'கானர் என்ற பெயரை நம் பங்கு மக்களில் பலர் கேட்டிருக்கமாட்டார்கள். ஆயினும் அமெரிக்க இலக்கியம் படிப்போர் எவரும் இவரை அறியாமல் இருக்க முடியாது. ஜூபிலி மலர் என்றால் அதில் ஒரு புனிதரின் வரலாறோ, வீரமாமுனிவரின் வரலாறோ இடம்பெறுவது வழக்கம். அவ்வழக்கத்தை விட்டு, கதை எழுதிய ஒரு பெண்மணியின் வரலாற்றை நாம் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. இம்மலருக்காக நம் இளைஞரும் இளம்பெண்களும் கொண்டுவந்து கொடுத்த கவிதைகளும் கதைகளும் நம் அறையின் மேசையை நிறைத்துவிட்டன. மகிழ்ச்சிதான். ஆனால் அவற்றுள் பல ஒரே இரவில் எழுதப்பட்டவை என்பது பார்த்தவுடன் தெரிந்தது. சிலவற்றை, இன்னும் ஒருமுறை எழுதிக் கொண்டுவாருங்கள் என்று திருப்பிக் கொடுத்தோம். எழுத்து இறைவன் தரும் கொடையல்லவா, அதை எப்படிச் சாமி திருத்துவது என்று ஒரு பிள்ளை நம்மிடமே கேட்டுவிட்டுப் போனது. நல்ல கேள்வி. அதற்கு நாம் சொல்லக்கூடிய பதிலைவிட இவ்வம்மையாரின் வாழ்க்கை சொல்லும் பதில் பெரிது.

சிறுமி பிளானரிக்கு ஐந்து வயதானபோது ஒரு வேடிக்கை நடந்தது. அவள் வளர்த்த கோழியொன்று பின்னோக்கி நடக்கப் பழகியிருந்தது. செய்தி பரவி, பாத்தே செய்திப்படக் கம்பெனியார் நியூயார்க்கிலிருந்து புகைப்படக்காரரை அனுப்பி அதைப் படம்பிடித்துச் சென்றனர். தன் வாழ்வில் நடந்த பெரிய சம்பவம் அதுதான், அதற்குப் பின் எல்லாம் இறக்கம்தான் என்று பிற்காலத்தில் அவரே கேலியாகச் சொல்வாராம். தன்னைத் தானே கேலி செய்துகொள்ளும் இந்தக் குணம் அவரிடம் கடைசிவரை இருந்தது.

இரக்கத்தின் கன்னியர் நடத்திய பள்ளியில் அவளுக்கு ஆரம்பக் கல்வி. எழுத்துக்கூட்டுவதில் மகா மோசம். பெரிய எழுத்தாளரான பிறகும் அவருடைய கடிதங்களில் எழுத்துப்பிழைகள் மலிந்திருந்தன. வீட்டில் கிடைத்த சிறுவர் கலைக்களஞ்சியத்தில் கிரேக்க, உரோமப் புராணக் கதைகளைப் படித்தாள்; பிறகு எட்கர் ஆலன் போ எழுதிய நகைச்சுவைக் கதைகளை. அதற்கப்பால் உருப்படியாக ஒன்றும் படித்ததில்லை என்பது அவரே தந்த வாக்குமூலம்.

1937ஆம் ஆண்டில் தந்தைக்கு லூபஸ் என்ற கொடிய நோய் கண்டது. உடலைக் காக்கவேண்டிய எதிர்ப்புச் சக்தியே உடலைத் தாக்கத் தொடங்கிவிடும் நோய் அது. அந்நாளில் அதற்குத் தக்க மருந்தில்லை. அட்லாண்டாவுக்கும், பின்னர் தாயின் குடும்பத்தார் வாழ்ந்த மில்லெட்ஜ்வில் என்ற சிற்றூருக்கும் குடும்பம் இடம்பெயர்ந்தது. 1941ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள் தந்தை இறந்தார். அப்போது மகளுக்கு வயது 15. தந்தைக்கும் எழுதவேண்டும் என்ற ஆசை இருந்ததென்றும், அது நிறைவேறவில்லையென்றும் மகள் அறிந்திருந்தாள்.

மறு ஆண்டு, உள்ளூரிலேயே இருந்த பெண்கள் கல்லூரியில் சேர்ந்தார். போர்க்காலமாதலால் பாடத்திட்டம் சுருக்கப்பட்டு மூன்றே ஆண்டில் பட்டம் கிடைத்தது. அங்கே மாணவர் பத்திரிகைக்குக் கேலிச்சித்திரம் போடுவது அவர் வேலை. லினோலியப் பலகையில் செதுக்கி அச்செடுத்த அந்தப் படங்களைக் கல்லூரி முழுதும் ரசித்தது. நியூயார்க்கர் என்ற பெரிய பத்திரிகைக்கு அனுப்பினார். அங்கிருந்து ஒழுங்காகத் திரும்பி வந்தன. கல்லூரி இலக்கிய இதழுக்கும் ஆசிரியராயிருந்தார். 1945இல் பட்டம் பெற்றதும், இதழியல் படிக்க அயோவாப் பல்கலைக்கழகத்தின் உதவிச்சம்பளம் கிடைத்தது. அதுவரை தாயின் நிழலைவிட்டு அகலாத பெண், இருபது வயதில் இரயிலேறி நாட்டின் மத்தியிலுள்ள அயோவா நகருக்குப் போய்ச் சேர்ந்தார்.

அயோவாவில் அப்போது புதுமையான ஏற்பாடு ஒன்று இருந்தது. கதை, கவிதை எழுதுவதைப் பல்கலைக்கழகப் பாடமாகவே வைத்திருந்தார்கள். ஓவியம் பயில ஓவியப் பள்ளியும், சங்கீதம் பயில சங்கீதப் பள்ளியும் இருப்பதுபோல, எழுதப் பயில ஓர் எழுத்தாளர் பட்டறை. 1936ஆம் ஆண்டு தொடங்கிய அதை அந்நாளில் நடத்திவந்தவர் பால் எங்கிள் என்ற கவிஞர். ஒருநாள் அவருடைய அறைக்குள் பிளானரி நுழைந்து ஏதோ சொன்னார். ஜார்ஜியாவின் நாட்டுப்புற உச்சரிப்பு எங்கிளுக்கு ஒரு சொல்கூட விளங்கவில்லை. மறுமுறை சொல்லச் சொன்னார், விளங்கவில்லை. மூன்றாம் முறையும் அவ்வாறே. கடைசியில் ஒரு தாளை நீட்டி, எழுதிக் காட்டச் சொன்னார். தன் பெயர் பிளானரி ஓ'கானர் என்றும், தான் பத்திரிகைக்காரி அல்லவென்றும், பட்டறையில் சேரலாமா என்றும் அத்தாளில் எழுதினார் அப்பெண். கொண்டுவந்திருந்த கதைகளை எங்கிள் வாங்கிப் படித்தார், சேர்த்துக்கொண்டார். வாயால் சொல்லி விளங்காதது எழுத்தில் விளங்கிற்று. மேரி என்ற முன்பெயரை விட்டுவிட்டு பிளானரி ஓ'கானர் என்று மட்டும் கையெழுத்திடத் தொடங்கியதும் இக்காலத்தில்தான்.

அந்தப் பட்டறையில் என்ன நடந்தது? வகுப்புகள் ஆற்றங்கரையில், போர்க்காலத்துத் தகரக் கொட்டகைகளில் நடந்தன. மாணவர்களில் பலர் யுத்தத்திலிருந்து திரும்பி, அரசாங்க உதவியில் படிக்க வந்த ஆண்கள். ஒருவர் எழுதிய கதையை, எழுதியவர் பெயர் சொல்லாமல் வகுப்பில் உரக்க வாசிப்பார்கள். பிறகு அதைப் பிரித்துப் போட்டுவிடுவார்கள். இந்த ஆள் ஏன் இப்படிப் பேசுகிறான், இந்த அறையில் சன்னல் எங்கே, முடிவு ஏன் இத்தனை அவசரம் என்று கேள்விகள் வரும். எழுதியவர் வாய்திறவாமல் உட்கார்ந்திருக்கவேண்டும். பிளானரி பின்வரிசையில் அமர்ந்திருப்பார். மூன்று வகுப்புக்கு ஒருமுறைகூடப் பேசமாட்டாராம். தன் கதையைத் தானே வாசிக்கும் துணிவும் இல்லை. பெரும்பாலும் பிறர்தான் வாசித்தார்கள். ஆனால் அங்கே சொல்லப்பட்ட குறைகளைக் குறித்துக்கொண்டு விடுதிக்குப் போய், கதையை முதல்வரியிலிருந்து மறுபடி எழுதுவார். எங்கிள் அம்மையாரைப்பற்றிப் பின்னாளில் நினைவுகூர்ந்தபோது வியந்து சொன்னது இந்த மறுபடி எழுதும் குணத்தைத்தான்.

கையில் கொடுக்கப்பட்ட பாடநூல், கிளீன்த் புரூக்ஸும் இராபர்ட் பென் வாரனும் 1943இல் வெளியிட்ட சிறுகதைத் தொகுப்பு. பென் வாரனே பட்டறைக்கு விருந்தாளியாக வந்தார். ஜான் குரோ ரான்சம், ஆண்ட்ரூ லைட்டில் முதலிய பேர்பெற்ற எழுத்தாளர்களும் வந்து மாணவர் கதைகளைப் பார்த்தார்கள். தான் ஒன்றும் படிக்காதவள் என்பது அயோவாவில்தான் பிளானரிக்கு உறைத்தது. உடனே படிக்கத் தொடங்கினார். ஜாய்ஸ், காஃப்கா, பாக்னர். தஸ்தயேவ்ஸ்கி, செக்காவ், கோகல் முதலிய உருசியர். மோரியாக், பெர்னனோஸ், கிரகாம் கிரீன் ஆகிய கத்தோலிக்க நாவலாசிரியர் என ஒரே பசியோடு படித்துத் தீர்த்தார். நம் பிள்ளைகள் எழுத ஆசைப்படும் அளவுக்குப் படிக்க ஆசைப்படுவதில்லை என்ற குறை நமக்கு நெடுநாளாக உண்டு. அதை இவ்விடத்தில் சொல்லி வைக்கிறோம்.

விடுதியிலிருந்து சற்றுத் தொலைவில் புனித மரியன்னை ஆலயம். பிளானரி நாள்தோறும் காலைத் திருப்பலிக்குச் சென்றுவந்தார். மூன்றாண்டுகள் போய்வந்தும் அவ்வாலயத்தில் ஒருவரையும் அவருக்குப் பழக்கமில்லை; பங்குக்குருவையும் தெரியாது. பங்குக்குருவாகிய நமக்கு இதைப் படிக்கையில் சற்றே உறுத்துகிறது. அவரோ அதைக் குறையாகச் சொல்லவில்லை. அவ்வாலயத்துக்குள் நுழைந்தவுடன் சொந்த வீட்டுக்கு வந்தாற்போல் இருந்ததாகவே எழுதியிருக்கிறார். ஏறக்குறைய தினந்தோறும் தாய்க்குக் கடிதம் போட்டார். அக்கடிதங்கள் 2022இல் நூலாக வந்துள்ளன.

இப்போது நாம் முக்கியமான இடத்துக்கு வருகிறோம். 1946 ஜனவரி முதல் 1947 செப்டம்பர் வரை, ஒரு சாதாரணப் பள்ளி நோட்டுப் புத்தகத்தில், இறைவனுக்குக் கடிதம் எழுதுவதுபோல அவர் செபங்களை எழுதி வைத்தார். யாருக்கும் காட்டவில்லை. அவர் இறந்து அரை நூற்றாண்டுக்குப் பின், 2013இல்தான் அது அச்சில் வந்தது. இருபது முதல் இருபத்திரண்டு வயதுவரையான மாணவியின் உள்ளம் அதில் திறந்து கிடக்கிறது. மனப்பாடமாகச் சொல்லும் செபங்களில் தன் மனம் ஒட்டவில்லை என்கிறார். நல்ல எழுத்தாளராக வேண்டும் என்று வெட்கமில்லாமல் கேட்கிறார். கேட்டுவிட்டு, இது இறைபுகழுக்காகவா, தன் புகழுக்காகவா என்று தன்னையே சந்தேகிக்கிறார். பிறைநிலவின் முழுமையை மறைக்கும் நிழல்போலத் தன் அகந்தையே இறைவனை மறைக்கிறது என்று அஞ்சுகிறார். பல்கலைக்கழகத்தில் கேட்கும் உளநூல் தத்துவங்கள் தன் விசுவாசத்தைக் கரைத்துவிடுமோ என்ற கலக்கம் வேறு. எல்லாவற்றுக்கும் மேலாக, தான் வெறும் நடுத்தரமான எழுத்தாளராக முடிந்துபோய்விடுவோமோ என்ற பயம் பக்கத்துக்குப் பக்கம் எட்டிப்பார்க்கிறது.

ஒரு கதை நன்றாக அமைந்த நாளில் அவர் நன்றி சொல்கிறார். தட்டச்சுப்பொறி தனக்கு எப்படியோ அப்படியே தான் இறைவனுக்கு என்ற கருத்தில் சொல்கிறார். அதே நோட்டில், கதை வராத நாட்களில் செபத்தோடு நிறுத்திக்கொண்டதாக எங்கும் இல்லை என்பதை வாசகர்கள் கவனிக்கவேண்டும். தட்டச்சுப்பொறி அச்சடிக்கும் முன் அதற்கு மை நாடா போடவேண்டும், எண்ணெய் விடவேண்டும், தாளைச் செருகவேண்டும். அந்த வேலையைச் செய்யவே அவர் பட்டறைக்குப் போனார். கடைசிப் பக்கம் சிரிப்பூட்டுவது. ஓட்ஸ் பிஸ்கோத்துகளை அளவுக்குமீறித் தின்றுவிட்டதை ஒப்புக்கொண்டு, தன்னைப்பற்றிச் சொல்ல இனி ஒன்றுமில்லை என்று நோட்டை முடித்துவிடுகிறார்.

அவருடைய முதல் கதை 1946ஆம் ஆண்டு கோடையில் ஆக்சென்ட் என்ற இதழில் வெளிவந்தது. அதன் பெயர் 'ஜெரேனியம்'. தென்னாட்டுக் கிராமத்து முதியவர் ஒருவர், மகளோடு வாழ நியூயார்க்குக்கு வந்து, அடுக்குமாடி வீட்டின் சன்னலோரம் உட்கார்ந்து ஊர் நினைவில் வாடுகிறார். எதிர்வீட்டுச் சன்னலில் தினமும் வெயிலுக்கு வைக்கப்படும் ஜெரேனியம் பூச்சட்டி ஒன்றே அவருக்குப் பொழுதுபோக்கு. ஒருநாள் அச்சட்டி விழுந்து நொறுங்கிவிடுகிறது. அவ்வளவே கதை. வீட்டு ஏக்கத்தில் வாடிய மாணவி, தன் ஏக்கத்தை ஒரு கிழவருக்குக் கொடுத்து எழுதியிருக்கிறார். இக்கதையையும் இன்னும் ஐந்து கதைகளையும் சேர்த்து 1947இல் முதுகலைப் பட்டத்துக்கான ஏடாகச் சமர்ப்பித்தார். இக்கதையை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளக் கேட்கிறோம்.

அதே ஆண்டில், எழுதத் தொடங்கியிருந்த நாவலுக்காக 750 டாலர் பரிசு கிடைத்தது. ரைன்ஹார்ட் என்ற பதிப்பகத்தார் தந்த பரிசு. நாவல் முடிந்ததும் வெளியிடும் முதல் உரிமையும் அவர்களுக்கே. 1949இல் பதிப்பகத்து ஆசிரியர் அதுவரை எழுதியதைப் படித்துவிட்டு, வழக்கமான நாவலைப்போல அதை மாற்றச் சொல்லிக் கடிதம் எழுதினார். அப்போது பிளானரிக்கு இன்னும் 24 வயது நிறையவில்லை. கையில் காசும் இல்லை. ஆயினும் அவர் எழுதிய பதில் தெளிவானது. தான் செய்ய முயல்வது இன்னதென்று ஏற்றுக்கொண்டு, அந்த எல்லைக்குள் குறை சொன்னால் கேட்பதாகவும், வேறொரு நூலாக மாற்றச் சொன்னால் இயலாதென்றும் தெரிவித்தார். முரட்டுப் பிடிவாதம் என்று அவர்கள் நினைத்தார்கள். நாவல் வேறு பதிப்பகத்துக்குப் போயிற்று. வகுப்பில் வாய்திறவாமல் திட்டு வாங்கிய அதே பெண்தான் இவர். திருத்தத்துக்குப் பணிவதும், திரிப்பதற்கு மறுப்பதும் ஒரே மனத்தில் இருக்க முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

அவருடைய நண்பர்களாகிய பிட்ஸ்ஜெரால்டு தம்பதியரின் வீட்டில், கார்க் கொட்டகையின் மாடியறையில் தங்கி, காலையில் நாவலும் மாலையில் அவர்கள் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வதுமாக இருந்தார். 1950 டிசம்பரில் ஊருக்கு இரயிலில் திரும்பும் வழியில் கடும் சுகவீனம். தந்தையைக் கொன்ற லூபஸ் மகளையும் பற்றிவிட்டது. மூட்டுவாதம் என்றே அவருக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். உண்மை தெரிந்தது 1952இல்தான். புதிதாக வந்த ஊசிமருந்து உயிரைக் காத்தது, எலும்பைக் கரைத்தது. மில்லெட்ஜ்வில்லுக்கு வெளியே, ஆண்டலூசியா என்ற பால்பண்ணையில் தாயோடு வாழவேண்டியதாயிற்று. 1955 முதல் ஊன்றுகோல். இருபத்தைந்து வயதில் உலகத்தைப் பார்க்கப் புறப்பட்ட பெண் மறுபடி தாய்வீட்டுக் கூடத்தில் வந்து விழுந்தார். இத்தோடு எழுத்து முடிந்தது என்று யாரும் நினைத்திருப்பார்கள்.

மாறாக, இரண்டாவது பள்ளிக்கூடம் அப்போதுதான் திறந்தது. இராபர்ட் பிட்ஸ்ஜெரால்டு நாவலின் கைப்பிரதியைக் கரோலின் கார்டன் என்ற எழுத்தாளருக்கு அனுப்பினார். கார்டன் அம்மையார் 1947இல் கத்தோலிக்க வேதத்தில் சேர்ந்தவர். கதைக்கலையில் கண்டிப்பான ஆசிரியை. நெருக்கமாகத் தட்டச்சு செய்த ஒன்பது பக்கத்தில் குறைகளை அடுக்கிப் பதில் போட்டார். கதைசொல்லி பேசும் மொழி வேறு, கதைமாந்தர் பேசும் மொழி வேறு, இரண்டையும் கலக்காதே என்பது ஒன்று. ஒரு பொருள் வாசகன் கண்முன் வரவேண்டுமானால் ஐம்புலன்களில் மூன்றையாவது தொடும்படி அதைத் தீட்டவேண்டும் என்பது, பிளோபேர் என்ற பிரெஞ்சு ஆசிரியரிடமிருந்து கார்டன் கற்றுக் கொடுத்த மற்றொன்று. ஒரு தேநீர்க்கடையை எழுதுவதானால் கடை என்று மட்டும் எழுதினால் போதாது; பாய்லர் சீறும் சத்தமும், கொதிக்கும் தேயிலையின் மணமும், கையைச் சுடும் கண்ணாடித் தம்ளரும் வரவேண்டும். (இந்த உதாரணம் நம்முடையது.) பிளானரி நாவலை மீண்டும் திருத்தினார். 'வைஸ் பிளட்' என்ற அந்நாவல் 1952 மே மாதம் வெளிவந்தது. கிறிஸ்து இல்லாத திருச்சபை ஒன்றை நிறுவ முயன்று, கிறிஸ்துவிடமிருந்து தப்ப முடியாமற்போன வாலிபன் ஒருவனின் கதை அது. உற்றார் உறவினர் படித்துவிட்டு முகம் சுளித்தார்கள். பக்திக் கதை எதிர்பார்த்தவர்களுக்கு அது அதிர்ச்சிதான். அதன்பின் பன்னிரண்டு ஆண்டுகள், ஒவ்வொரு கதையும் முடிந்ததும் அது கார்டனுக்குத் தபாலில் போகும். திருத்தங்களோடு திரும்பி வரும்.

நாம் குருமடத்தில் தத்துவம் படித்த நாட்களில் ஹாபித்துஸ் என்ற இலத்தீன் சொல்லைப் பலமுறை எழுதி மனப்பாடம் செய்திருக்கிறோம். பழகிப் பழகி உள்ளத்தில் ஊறிப்போன திறன் என்று அதற்குப் பொருள் சொல்லலாம். புனித அக்குவினாஸ் தோமையார் கலையை அறிவின் அத்தகைய திறன்களுள் ஒன்றாக வைக்கிறார். இதை இக்காலத்தவருக்கு விளக்கியவர் ஜாக் மரித்தேன் என்ற பிரெஞ்சுத் தத்துவ அறிஞர். கலைஞனின் முதற்கடமை செய்யப்படும் பொருள் நல்லபடி அமைவதே என்பது அவர் கருத்து. தச்சர் செய்யும் நாற்காலியின் கால் ஆடினால், அவர் பக்தியுள்ளவர் என்பதற்காக அது ஆடாமல் நின்றுவிடாது. பிளானரி மரித்தேனின் நூலைக் கரைத்துக் குடித்தவர். இரவு படுக்கைக்கு முன் இருபது நிமிடம் தோமையாரின் இறையியல் நூலைப் படிப்பாராம். எழுத்துப் பயிற்சியும் அவருக்கு இப்படி ஊறவேண்டிய ஒரு பழக்கமே. கல்லூரிகளுக்குப் பேசப்போனால், எழுத்து வகுப்பில் ஆசிரியர் செய்யக்கூடியது பெரும்பாலும் எது சரியில்லை என்று காட்டுவதுதான் என்பார். பல்கலைக்கழகங்கள் எழுத்தாளர்களின் கழுத்தை நெரிக்கின்றனவா என்று கேட்டால், இன்னும் பலருடைய கழுத்தை நெரித்திருக்கலாமே என்று பதில் வரும்.

அவருடைய நாளும் ஒழுங்கானது. அதிகாலையில் தாயோடு திரு இருதய ஆலயத்தில் திருப்பலி. ஒன்பது மணி முதல் பன்னிரண்டு மணிவரை எழுத்து. எழுத ஒன்றும் வராவிட்டாலும் அந்நேரத்தில் அங்கேதான் இருப்பார். ஒருவேளை வந்தால், தான் இல்லாமற்போய்விடக்கூடாதல்லவா? சன்னலைப் பார்த்து உட்கார்ந்தால் கவனம் சிதறும் என்று, மேசையைத் துணி அலமாரியின் வெறும் முதுகுப் பக்கத்தைப் பார்த்துப் போட்டிருந்தார். மாலையில் பறவைகள். 1952இல் ஒரு சோடி மயிலும் நான்கு குஞ்சுகளும் வாங்கினார். அவை பெருகிப் பண்ணையெங்கும் அகவித் திரிந்தன. நம் நாட்டுத் தோட்டங்களில் அகவும் அதே மயில் இனம்தான். தோகை விரித்தால் மட்டும் அவர் கேலியை விட்டுவிடுவார்.

1958இல், வயதான உறவினர் ஒருவர் வற்புறுத்திப் பணம் கொடுத்ததால் லூர்து திருத்தலத்துக்குப் போனார். ஊன்றுகோலோடு அப்புனித நீரில் இறங்கினார். ஆனால் தன் எலும்புகளுக்காக மன்றாடவில்லையாம்; பாதியில் நின்றுபோன இரண்டாவது நாவலுக்காகவே மன்றாடினாராம். உரோமையில் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதரின் ஆசீரும் பெற்றார். அவ்வாண்டின் இறுதியில் இடுப்பெலும்பு சற்றுத் தேறியிருப்பதாக மருத்துவர் சொன்னார். மறு ஆண்டின் தொடக்கத்தில் நாவலும் முடிந்தது, 1960இல் வெளிவந்தது.

கற்றவர் கற்பித்த கதை ஒன்று உண்டு. அட்லாண்டாவில் புற்றுநோயாளிகளுக்கு இல்லம் நடத்திய தோமினிக்கன் கன்னியர், 1960இல் இவருக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். முகத்தில் புற்றுக்கட்டியோடு மூன்று வயதில் தங்களிடம் வந்து, பன்னிரண்டு வயதில் இறந்த மேரி ஆன் என்ற சிறுமியைப்பற்றி நாவல் எழுதித் தரவேண்டும் என்று கேட்டார்கள். நாவல் வேண்டாம், நடந்ததை நடந்தபடியே எழுதுங்கள், அவளோடு வாழ்ந்த நீங்கள்தான் எழுதவேண்டும், திருத்தித் தருகிறேன் என்றார் பிளானரி. இத்தோடு விட்டுவிடுவார்கள் என்று நினைத்தார். கன்னியர் விடவில்லை. எழுதி அனுப்பினார்கள். இவர் வெட்டினார், ஒட்டினார், முன்னுரையும் எழுதினார். எந்தப் பதிப்பகமும் இதை வாங்காது என்று ஒரு சோடி மயிலைப் பந்தயமும் வைத்தார். 1961இல் நூல் வெளிவந்தது. மயில்கள் கன்னியர் இல்லத்துக்குப் போயின! மறைமாவட்டச் செய்தித்தாளுக்கு நூறுக்கு மேற்பட்ட நூல் மதிப்புரைகளும் அவர் எழுதித் தந்திருக்கிறார். பெரிய பத்திரிகைகள் தன் கதைக்குக் காத்திருந்த காலத்திலும் பங்கு மக்கள் படிக்கும் தாளுக்கு எழுதுவதை இழிவாக எண்ணவில்லை.

மறைக்கக் கூடாத ஒன்றையும் சொல்லவேண்டும். கறுப்பின மக்களைத் தாழ்த்திய சமுதாயத்தில் பிறந்து வளர்ந்தவர் இவர். அச்செருக்கைத் தம் கதைகளில் தோலுரித்துக் காட்டியவரே, தம் கடிதங்களில் அம்மக்களைப்பற்றிக் கூசத்தக்க சொற்களையும் எழுதியிருக்கிறார். இதனால் 2020இல் மேரிலாந்திலுள்ள லயோலாப் பல்கலைக்கழகம், மாணவர் விடுதி ஒன்றிலிருந்து இவர் பெயரை எடுத்துவிட்டு, தேயா போமன் என்ற கறுப்பினக் கன்னியரின் பெயரை இட்டது. அது நியாயமே என்பது நம் கருத்து. சாதி என்னும் அதே நோயை நம் ஆலயங்களிலும் கல்லறைகளிலும் கண்ட நாம், இதை அயல்நாட்டுச் செய்தி என்று படித்துவிட்டுப் போக முடியாது.

1964 பிப்ரவரியில் வேறொரு கட்டிக்காக அறுவைச்சிகிச்சை நடந்தது. அடங்கியிருந்த லூபஸ் விழித்துக்கொண்டது. மருத்துவமனையில் எழுதக்கூடாது என்று தடுத்துவிடுவார்களோ என்று கைப்பிரதியைத் தலையணையின் கீழ் ஒளித்து வைத்து, மருத்துவர் போனபின் எடுத்துத் திருத்தினார். ஜூலையில் நோயில்பூசுதல் பெற்றார். அம்மாதத்திலும் புதிய கதை ஒன்று கார்டனுக்குப் போயிற்று. வழக்கம்போல் திருத்தங்கள் வந்தன. பெரும்பாலானவற்றை இம்முறை ஏற்கப்போவதில்லை என்று ஒரு தோழிக்கு எழுதினார். 39 வயதில், சாவுக்கு ஒரு வாரத்துக்குச் சற்று முன், பாடம் அனுப்பும் ஆசிரியையும் அதைப் படித்துப் பார்த்துத் தானே முடிவுசெய்யும் மாணவியும்! ஆகஸ்டு 3ஆம் நாள் இறந்தார். மறுநாளே திரு இருதய ஆலயத்தில் அடக்கத் திருப்பலி நடந்தது. தந்தையின் அருகில் அடக்கம் செய்யப்பட்டார்.

அந்தக் கடைசி மாதங்களில் அவர் திருத்திக்கொண்டிருந்த மற்றொரு கதையும் உண்டு. வாசகர்களை நினைவில் வைக்கச் சொன்னோமே, அதே ஜெரேனியம் கதை. பதினெட்டு ஆண்டுகளில் அதைப் பெயர் மாற்றி, உரு மாற்றித் திரும்பத் திரும்ப எழுதியிருந்தார். கடைசி வடிவத்துக்கு 'தீர்ப்பு நாள்' என்று பெயர். பூச்சட்டி போய்விட்டது. இக்கதையின் முதியவர் சன்னலோரம் உட்கார்ந்து ஏங்குவதில்லை. உயிரோடோ பிணமாகவோ ஊர் போய்ச் சேருவது என்று உறுதி செய்துகொண்டு, தன் உடலை ஜார்ஜியாவுக்கு அனுப்பும்படி ஒரு சீட்டெழுதிச் சட்டைப் பையில் குத்திக்கொண்டு, நடக்கமுடியாத கால்களோடு மாடிப்படியில் இறங்கத் தொடங்குகிறார். அவருடைய கதைகள் எல்லாம், மொத்தம் 31, எழுதப்பட்ட வரிசையில் 1971இல் ஒரே நூலாக வெளிவந்தன. மறு ஆண்டு அதற்கு அமெரிக்க தேசியப் புத்தக விருது கிடைத்தது. அந்நூலின் முதற்கதை மாணவி எழுதிய 'ஜெரேனியம்'. கடைசிக் கதை 'தீர்ப்பு நாள்'.